ஆகாயத்தில் நின்ற கடைசிக் காம்பரா

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் மற்றவர்களுடைய நாடுகள், நடுவில் மலை, மலைக்கு மேல் மலை, அந்த மலையெல்லாம் தேயிலை, தேயிலைக்கு நடுவே நாங்கள். கடல் இல்லாததால் நமக்குப் புயல் கிடையாது, பேரலை கிடையாது என்று நாலாம் வகுப்புப் புத்தகத்தில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். அதை எழுதிய மகராசன் எங்கள் பக்கம் ஒரு மழைக்காலம்கூடத் தங்கியவனில்லை. மாசியில் புல்மலை தீப்பிடித்து மூன்று நாள் எரியும், பங்குனியில் ஊற்று வற்றிக் கொழுந்து கருகும், சித்திரையில் இடி விழுந்து மாடு சாகும், ஆடியில் ஆறு வந்து பாலத்தைத் தூக்கிக்கொண்டு போகும், நினைத்த நேரத்தில் பூமி ஒரு குலுக்குக் குலுக்கி அடுக்களைச் சட்டியை உருட்டிவிடும், ஐப்பசி வந்தால் மலையே எழுந்து இறங்கி வரும். கடல் ஒன்றுதான் பாக்கி. அதையும் எங்கள் முன்னோர்கள் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிப் பதினெட்டு நாள் நடந்து முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார்கள்.

என் பெயர் சன்னாசி. இருபத்தாறு வருடம் கங்காணியாக இருந்தவன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, நீ இந்த மலை, நீ அந்த மலை என்று பிரித்து அனுப்புவது என் வேலை. அதனால் எனக்குக் குரல் பெரிசு. இங்கே கத்தினால் மூன்றாவது மலையில் நிற்கிறவன் குனிந்த முதுகை நிமிர்த்துவான். அந்தக் குரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேல் டிவிசனில் எட்டுக் காம்பரா லயம் ஒன்று இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. மலைச்சரிவின் ஓரத்தில் இருந்த கடைசிக் காம்பராவில் பூரணமும் அவள் புருஷன் வீரமலையும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அவள் வாசலில்தான், வெள்ளம் மண்சரிவெல்லாம் கவனிக்கிற இடர் இலாகாக்காரர்கள் ஒரு கம்பத்தை நட்டு அதில் மழைப் போத்தலைப் பொருத்திவிட்டுப் போனார்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் போத்தல், உடம்பெல்லாம் கோடு, நூறில் மட்டும் சிவப்புக் கோடு. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மலை நனைந்து கனத்துவிட்டது என்று அர்த்தம். போட்டது போட்டபடி எல்லாரும் எதிர்மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். காலை எட்டு மணிக்கு அளந்துவிட்டு ஊற்றிவிட வேண்டும், மழை பெய்தால் மணிக்கொரு தரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். பூரணம் எண்ணைக் கூப்பிடுவாள். பக்கத்து லயத்தில் யாராவது அதைத் திருப்பிச் சொல்வார்கள், அதைக் கேட்டு அதற்குக் கீழே உள்ளவர்கள் சொல்வார்கள், அப்படியே எண் படி இறங்கி அடிவாரக் கோயில்வரை போகும். யாரும் திருப்பிச் சொல்லாத எண் யார் காதிலும் விழாத எண். திருப்பிச் சொல்கிறவரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இலாகாவில் சொல்லிக்கொடுத்தது அப்படி.

அந்த வருஷம் ஒன்பது தடவை சிவப்பைத் தொட்டது. ஒன்பது தடவையும் பாயைச் சுருட்டி, கோழியைக் கூடையில் அமுக்கி, பள்ளிக்கூட பெஞ்சில் குறுகிப் படுத்து, மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். ஒரு கல்கூட உருளவில்லை. "பூரணம் ஒரு கொடம் தண்ணி மோந்தாக்கூட நாம பாயச் சுருட்டணும் போல" என்று பொம்பளைகள் கேலி பேசினார்கள். பூரணமும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்கத் தெரியும்.

ஐப்பசியில் என் மகள் புஷ்பராணிக்குச் சடங்கு வைத்தேன். இருநூறு பேருக்குச் சாப்பாடு. இரண்டு தோட்டம் தாண்டி மாமன்காரன் சீர்த்தட்டோடு வந்து கோயில் மண்டபத்தில் இறங்கியிருந்தான். முந்தின நாளிலிருந்து மழை. எட்டு மணிக்கு அளந்து ஊற்றின பிறகு இரண்டே மணி நேரத்தில் போத்தல் நிறைந்துகொண்டு வந்தது. ஒன்பதுக்கு எண்பது என்று குரல் இறங்கி வந்தது. பத்து மணிக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியெல்லாம் ஓடி ஏறி அவள் வாசலில் போய் நின்றேன். அவள் மழைக்குக் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போத்தலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு தங்கச்சி?"

"நூத்தி நாலுண்ணே. கூப்புடப் போறேன்."

"கூப்புட்டுறாத தாயி. ஆக்குன சோறு அப்புடியே இருக்கு. மாமன் சீரு இப்பத்தான் வந்து எறங்கியிருக்கு. ரெண்டு மணி நேரம் போவட்டும்."

"போத்தலு சொல்றதத்தானேண்ணே நான் சொல்லணும்?"

"ஒம்பது தடவ போனோமே, ஒரு கல்லாச்சும் உருண்டுச்சா? ஒரு வெரக்கட கொட்டிட்டு அப்பறமா பாத்துச் சொல்லு. இருக்கறதத்தானே சொல்ற, அதுல பொய்யி என்னா இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். ராணி தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அந்தக் காம்பராவுக்குத்தான் ஓடுவாள். பூரணம்தான் அவளுக்குத் தலை பின்னி விடுவாள். "ராணிக்காகத்தாண்ணே" என்று சொல்லிவிட்டு, போத்தலைக் கழற்றி, கம்பத்தடியில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு விரற்கடைத் தண்ணீரைச் சரித்தாள். திரும்ப மாட்டினாள். குனிந்து பார்த்தாள். "தொண்ணூத்தி ரெண்டு!" என்று கூப்பிட்டாள். அடுத்த லயம் திருப்பிச் சொன்னது, அதற்கு அடுத்தது சொன்னது, சிரிப்பும் சத்தமுமாக எண் கோயில்வரை இறங்கிப் போனது. எல்லாரையும்விடப் பெரிய குரலில் அதைத் திருப்பிச் சொன்னவன் நான்.

பத்து மணிக்கு மேல் மழை விட்டுவிட்டது, ஒரு மணிக்கும் அதே தொண்ணூற்றிரண்டுதான். ஒன்றரை மணிக்கு மலை வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, பந்தியில் இருந்த பாதிப் பேர் மேளம் என்றே நினைத்தார்கள். லயத்தில் அப்போது பூரணத்தைத் தவிர ஐந்து பேர்தான் இருந்தார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போன ஒரு வயசான புருஷன் பெண்டாட்டி. பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போன, அதே லயத்துச் செல்லையாவின் மனைவி, அவள் மடியில் நாலு மாதக் குழந்தை. ஐந்தாவது வீரமலை. போத்தலைவிட்டு நகர முடியாத பெண்டாட்டிக்குத் தூக்குச்சட்டியில் சடங்குச் சோறு எடுத்துக்கொண்டு போனவன் நாலாவது காம்பரா வாசல்வரை போயிருந்தான் என்று பிற்பாடு சட்டி கிடைத்த இடத்தை வைத்துச் சொன்னார்கள்.

ஏழு காம்பரா இல்லை. தேயிலை இல்லை, படி இல்லை, உச்சியிலிருந்து ஆறுவரைக்கும் சிவப்பு மண்தான். எட்டாவது காம்பரா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே இருந்த மலைதான் போய்விட்டது. இரண்டு தைல மர உயரத்தில், ஓர் அறையும் ஓர் அடுப்படியும் ஒரு துண்டு வாசலும், வாசலில் கம்பமும் போத்தலும் கறிவேப்பிலையும், அடியில் வேர்கள் தொங்கித் தண்ணீர் சொட்ட, ஆகாயத்தில் நின்றது. வாசல் ஓரத்தில் பூரணம் நின்றாள்.

முதல் இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, மண்ணைத் தோண்டவே நேரம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் வெயில் வந்தபோது தோண்டுகிறவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். நாலாம் நாள் நிழல் நல்ல குளிர்ச்சி என்று சொன்னார்கள். ஒரு வாரத்தில் நிழல் மதகைத் தொட்டால் மத்தியானம் என்று கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர் "ஆகாச வீடு எல்லாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தான். தபால்காரர் விலாசத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு மேல் டிவிசன் என்பதற்கு மேல் இன்னொரு "மேல்" போட்டுக்கொண்டார். இடர் இலாகாவிலிருந்து ஓர் ஐயா வந்தார், கயிறு பிடித்து உயரம் அளந்தார், படிவத்தை விரித்தார், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வீடு இடிஞ்சவங்களுக்குத்தான் புது வீடு. இது இடியலையே" என்றார்.

"மண்ணு போயிருச்சேங்க ஐயா" என்றேன் நான்.

"மண்ணு போனா காணி குடுப்போம். ஆனா வீடு இருக்கறவங்களுக்குக் காணி குடுக்க எடமில்ல."

"அப்ப அந்த வீடு எதுமேலதான் நிக்குது?"

"அது வேற இலாகா" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்து வைத்தார்.

மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்குகிற கம்பியில் ஒரு கப்பியைச் சேர்த்துக் கட்டி, வீட்டு உத்தரத்துக்கு இழுத்துவிட்டோம். வாரத்துக்கு ஒரு தரம் கொழுந்துச் சாக்கில் அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய் ஏறும். காலிச் சாக்கு மடிப்புக் கலையாமல் இறங்கி வரும். இறங்கி வரச் சொல்லி மூன்று தடவை ஆள் நின்று கேட்டது உண்மை. "கீழ வந்து யாரு மொகத்துல முழிக்கட்டும்?" என்று அவள் கேட்டாள். வா என்று நாலாவது தடவை யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அவள் வராததே வசதியாக இருந்தது.

ஏனென்றால் எல்லாரும் அவளைத்தான் சொன்னார்கள். தூங்கிவிட்டாள் என்றார்கள். கோட்டைத் தப்பாகப் பார்த்தாள் என்றார்கள். தொண்ணூற்றிரண்டில் மலை வருமா, கேள்விப்பட்டதுண்டா என்றார்கள். செல்லையா அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கப் பழகிக்கொண்டான். சாக்கில் சாமான் கட்டுகிற பொம்பளைகள் சாமான் மட்டும் கட்டினார்கள், நலம் விசாரித்து ஒரு வார்த்தை அனுப்பவில்லை. என் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மலைக்குக் கேட்கிற என் குரல் அந்த நாட்களில் பீடிக்கு நெருப்புக் கேட்கக்கூட எழும்பவில்லை. நான்தான் கொட்டச் சொன்னேன் என்று அவளும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ராணியின் தலையில் அந்தப் பழி விழும் என்று நினைத்திருப்பாள். நான் அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

மேலே அவள் ஒருத்தி. எறும்பு ஏறாது, தவளை கத்தாது, காக்கா வந்து உட்காராது. மாசியில் புல்மலை எரிந்தபோது புகை அவள் வாசலுக்குக் கீழேயே நின்றது. பூமி குலுங்கி எங்கள் சட்டியெல்லாம் உருண்டபோது அவள் வாசலில் வைத்திருந்த குடத்துத் தண்ணீர் அலையவில்லை. "குடுத்து வச்சவ" என்று ஒருத்தி சொன்னாள். சாயங்காலங்களில் பூரணம் வாசல் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மண் மேட்டில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீரமலையைத் தோண்டி எடுக்க முடியவில்லை. அவன் அங்கேதான் எங்கோ இருந்தான்.

அவள் எண் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. காலை எட்டு மணிக்கு, மழை என்றால் மணிக்கொரு தரம், விளிம்பில் நின்று கூப்பிடுவாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. கேட்காமல் இல்லை, நூறு என்று அவள் வாய் மூடும் முன் பாய் சுருட்டிவிட்டோம். அந்த வருஷத்தில் இன்னும் இரண்டு தடவை மலை இறங்கியது, ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. ஆனாலும் ஒருவர் வாயும் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை. அவளோ கற்றுக்கொடுத்த முறை தவறாதவள். "இருபத்தெட்டு" என்பாள். கொஞ்சம் காத்திருப்பாள். "இருபத்தெட்டு" என்பாள். மறுபடி காத்திருப்பாள். நாலு தடவை, ஐந்து தடவை. நாங்கள் கீழே அடுப்பை ஊதிக்கொண்டு, பிள்ளைக்கு மூக்குச் சிந்திக்கொண்டு, அது அடங்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம்.

"ஏம்ப்பா அத்தைக்கி யாரும் திருப்பிச் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்று ஒரு நாள் ராணி கேட்டாள். தானே பின்னிய கோணல் சடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள்.

"ஒனக்கு நேரமாச்சு, போ" என்றேன்.

அடுத்த ஐப்பசியில் ஐந்து பேருக்கும் திதி வந்தது. அன்று காலை பெரட்டுக் களத்தில் கூட்டம் நின்றிருந்தது. பூரணம் விளிம்புக்கு வந்து, "பன்னெண்டு" என்று கூப்பிட்டாள். காத்திருந்தாள். கூப்பிட்டாள். நாலாவது தடவை குரல் உடைந்து கரகரத்தது. ஐந்தாவது தடவை சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்த வாயைப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கப்பிக்குப் போய், "என்னய மேல ஏத்துங்கடா" என்றேன். அவளை இறக்கிக்கொண்டு வரப் போகிறேன் என்று நினைத்து நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கொழுந்துச் சாக்கில் உட்கார்ந்து ஏறினேன்.

"வாங்கண்ணே" என்றாள், பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்தவனைக் கேட்கிற மாதிரி. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. கறிவேப்பிலை அவள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தாள். கிளாசை வாசல்படியில் வைத்தேன்.

"நான் சொல்லிர்றேன் தங்கச்சி. நாந்தான் கொட்டச் சொன்னேன்னு சொல்லிர்றேன்."

"எங்கிட்டயா? எனக்குத்தான் தெரியுமேண்ணே." அவள் விளிம்புக்குக் கீழே கை காட்டினாள். "அங்க சொல்லுங்க. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல அவுரு இருக்காரு. அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

எட்டு மணி. கீழே பெரட்டுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது இருபத்தாறு வருடம் நான் பிரித்து அனுப்பிய ஆட்களின் தலைகள் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நூத்தி நாலு!" என்று கத்தினேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"போன வருஷம் அன்னைக்குப் போத்தல்ல நூத்தி நாலு! கொட்டச் சொன்னது நானு! சன்னாசி! எம்மக சடங்குக்காகக் கொட்டச் சொன்னேன்! பூரணம் மேல ஒரு குத்தமும் இல்ல!"

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். மூன்றாம் தடவை கத்தும்போது செல்லையா களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். என் பெண்டாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ராணி கூட்டத்தைவிட்டு விலகிக் கப்பியிடம் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "அத்தே, எறங்கி வாங்க" என்று கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி போய்ப் பிடித்தாள், இன்னொருத்தி, இன்னொருத்தி.

பூரணம் அடுப்பை அணைத்தாள். ஒரு மாற்றுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள். "மணிக்கொருக்கா பாருங்கண்ணே" என்றாள். "கொட்டிட்டுப் பாக்காதீங்க."

கால் மண்ணில் பட்டதும் அவள் தடுமாறினாள். பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டது இங்கிருந்து தெரிந்தது. அவள் இறங்கிவிட்டால் வீடும் மெல்ல இறங்கி எங்காவது உட்காரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கீழே மணி அடித்தது, ஆட்கள் மலைக்குப் போனார்கள். சாக்கு திரும்ப ஏறி வரவில்லை. யாரும் கோபத்தில் அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, வேலை நேரம். சாயங்காலம் சாக்கு வந்தது, அதில் அரிசியும் உப்பும் இருந்தன. நான் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பிடிப்பதற்குக் கீழே ஆள் இல்லை. இறங்கி வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாசியும் ஒரு பங்குனியும் போய்விட்டன. வாரத்துக்கு ஒரு தரம் சாக்கு வருகிறது, இறங்கி வா என்று யாரும் கூப்பிடவில்லை. இங்கே எறும்பு ஏறாது, தவளை கத்தாது. ராணி பள்ளிக்கூடம் போவது தெரியும், சடை இப்போது நேராக இருக்கிறது, ஆனால் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. செல்லையா நிமிர்ந்து பார்க்கிறான். நான் தினமும் எண் கூப்பிடுகிறேன், நாலு தடவை, ஐந்து தடவை, குரல் உடைகிறவரை. கீழே அடுப்பு ஊதுகிறார்கள். பூரணம் ஐந்து தடவையோடு நிறுத்திவிட்டு உள்ளே போய் என்ன செய்திருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

இன்று விடிந்ததிலிருந்து ஆடி மழை. ஒன்பதுக்கு முப்பது, பதினொன்றுக்கு அறுபத்தைந்து, மத்தியானம் எண்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டேன். மூன்று மணிக்குத் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தேன். விளிம்புக்குப் போய், "நூறு!" என்று கத்தினேன். லயங்களிலிருந்து பாயும் கூடையும் வெளியே வந்தன. கொங்காணிச் சாக்குகள் வரிசையாகப் பாலத்தை நோக்கிப் போயின. "நூறு!" என்றேன். வரிசை நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. "நூறு!" என்றேன். நாலாவது தடவை என் குரல் கரகரத்தது.

பாலத்து முனையில் ஒரு சாக்கு மட்டும் நின்றது. மழையில் முகம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன சாக்கைக் கையைப் பிடித்து முன்னால் அனுப்பிவிட்டு, அது இந்தப் பக்கம் திரும்பியது. நான் ஐந்தாவது தடவை வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"நூறு!" என்று கீழேயிருந்து பூரணம் திருப்பிச் சொன்னாள்.

சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்து போய்விட்டாள். நான் மறுபடி கூப்பிடவில்லை.